பீமின் அடிக்கம்பி

ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, வலக்கையில் தூக்கிக்கொண்டு பத்தடி நடந்து பாருங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ எடை உங்களை வலப்பக்கமாக இழுக்கிறது. நியாயப்படி உடம்பு அந்தப் பக்கம் மடிந்து சாய வேண்டும். சாய்வதில்லை, நிமிர்ந்தே நடக்கிறீர்கள். சாயவிடாமல் தடுப்பது எது? பாரம் தூக்கிய கை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் கை இங்கே வெறும் கயிறு. வாளியைத் தோளிலிருந்து தொங்கவிடுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. வாளியைப் பிடித்தபடியே, சும்மா இருக்கும் இடக்கையின் விரல்களால் இடது விலாவின் கடைசி எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே அழுத்துங்கள். அங்கே சதை கல்லாக இறுகியிருக்கும். வாளியைக் கீழே வைத்தால் அடுத்த நொடியே தளர்ந்துவிடும்.

இந்த அத்தியாயம் முழுக்க அந்த நான்கு விரல் அகல இடத்தைப் பற்றியதுதான்.

உடம்பின் எலும்புக்கூட்டைப் படத்தில் பார்த்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். மேலே விலாக்கூடு. கீழே கிண்ணம்போல இடுப்பெலும்பு. இரண்டுக்கும் நடுவே ஐந்து முள்ளெலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண் ஒன்று மட்டும்தான். முன்னாலும் பக்கத்திலும் எலும்பே கிடையாது. அந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும்? இறந்தவர்களின் முதுகெலும்பிலிருந்து தசைகளை மட்டும் நீக்கிவிட்டு, தசைநார்களும் டிஸ்க்குகளும் அப்படியே இருக்க, மேலிருந்து அழுத்திப் பார்த்தார்கள். 1961இல் லூகாஸும் பிரெஸ்லரும் நெஞ்சுப் பகுதியையும் இடுப்புப் பகுதியையும் சேர்த்துச் சோதித்தபோது, அது சுமார் 20 நியூட்டன் விசையிலேயே, அதாவது இரண்டு கிலோ எடையிலேயே, பக்கவாட்டில் நெளிந்து விழுந்தது. 1992இல் கிறிஸ்கோவும் அவருடைய குழுவினரும் இடுப்புப் பகுதியை மட்டும் தனியாகச் சோதித்தார்கள். அது சுமார் 90 நியூட்டன் வரை, ஒன்பது கிலோ வரை தாக்குப்பிடித்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவரின் தலை, கைகள், நெஞ்சு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 30 கிலோ. ஒரு மூட்டை அரிசிகூடச் சுமக்காமல் சும்மா நிற்கும்போதே நம் முள்ளெலும்புத் தூண் தன் தனித்திறனைப்போல மூன்று மடங்கு பாரத்தைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

1980களில் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினியைப் பார்ப்பதற்காக நம் கடலோர ஊர்களின் மொட்டை மாடிகளில் உயர உயரமாக ஆன்டெனாக் கம்பம் நட்டிருந்தார்கள். மெல்லிய குழாய்தான். மூன்று நான்கு திசைகளில் கம்பி கட்டி இழுத்திருந்ததால் அது கடற்காற்றிலும் நின்றது. ஒரு பக்கக் கம்பி தளர்ந்தால் போதும், கம்பம் எதிர்ப்பக்கமாக வளையத் தொடங்கிவிடும். முதுகெலும்பும் இப்படித்தான் நிற்கிறது. முன்னால் நேர் வயிற்றுத் தசை, பின்னால் முதுகை நிமிர்த்தும் நீண்ட தசைகள், இரு பக்கமும் உள்ளும் புறமுமாக இரண்டடுக்குச் சாய்வுத் தசைகள், இவற்றுக்கும் உள்ளே இடுப்பை வேட்டிபோலச் சுற்றிய குறுக்குத் தசை. இவற்றோடு, நம்மில் பலர் பெயர்கூடக் கேட்டிராத குவாட்ரேட்டஸ் லம்போரம். கடைசி விலாவையும் முள்ளெலும்புகளின் பக்கவாட்டு முனைகளையும் இடுப்பெலும்போடு கட்டும் சதுரமான தசை அது. மேல்மூடியாக உதரவிதானம், அடித்தட்டாக இடுப்புத்தளத் தசைகள். ஜிம்மில் 'கோர்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவது இத்தனையையும்தான்.

இந்தத் தசைகளின் தலையாய வேலை அசைப்பதல்ல, அசையவிடாமல் தடுப்பது. கையையும் காலையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. தசை என்றால் சுருங்க வேண்டும், மூட்டு மடங்க வேண்டும், எதையாவது தூக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அந்த எதிர்பார்ப்பைத்தான் வயிற்றின்மேலும் ஏற்றி, தலைமுறை தலைமுறையாகச் சிட்-அப் எடுத்தோம்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் முதுகெலும்பை ஆராய்ந்தவர் ஸ்டூவர்ட் மெக்கில். சிட்-அப் ஒவ்வொன்றும் இடுப்பு முள்ளெலும்புகளின்மேல் ஏற்றும் அழுத்தம் சுமார் 3,300 நியூட்டன், அதாவது 330 கிலோவுக்கும் மேல், என்று அவருடைய ஆய்வகம் கணக்கிட்டது. எடை தூக்கும் தொழிலாளிகளுக்காக அமெரிக்க அரசின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வகுத்திருந்த எச்சரிக்கை வரம்பே சுமார் 3,400தான். 2001இல் கல்லாகனும் மெக்கிலும் பன்றிகளின் கழுத்தெலும்புகளைக் கருவியில் பொருத்தி, மிதமான அழுத்தத்தில் ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்தார்கள். டிஸ்க்கின் நடுவிலுள்ள கூழ் பின்பக்க அடுக்குகளை மெல்ல மெல்லப் பிளந்துகொண்டு வெளியே பிதுங்கியது. இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு, ஒரு சிட்-அப் எடுத்தாலே முதுகு போய்விடும் என்று பயமுறுத்துவது தவறு. ஆய்வகத்து எலும்பு உயிரற்றது. இரவு தூங்கி எழுந்து தன்னைச் செப்பனிட்டுக்கொள்ள அதற்கு வழியில்லை. ஆனால், வயிற்றை வலுவாக்க முதுகை நூறு முறை மடக்கித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வி சரியான கேள்வி. அமெரிக்கக் கடற்படை 2021இலும், தரைப்படை 2022இலும், மரைன் படை 2023இலும் தங்கள் உடல்தகுதித் தேர்வுகளில் வயிற்றுப் பயிற்சியின் இடத்தில் பிளாங்கை அமர்த்தின.

தண்டால் எடுக்கக் கை ஊன்றி நிற்போமே, அந்த முதல் நிலையில் அப்படியே அசையாமல் இருந்தால் அது பிளாங்க். உள்ளங்கைக்குப் பதில் முழங்கையை ஊன்றுவது இன்று பரவலாக இருக்கும் வடிவம். இதைப் புரிந்துகொள்ள உடற்கூறு நூலைவிடக் கொத்தனார் அதிகம் உதவுவார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு தூண்களுக்கு நடுவே ஒரு கான்கிரீட் பீம். பாரம் ஏறியதும் அது நடுவில் தொய்யப் பார்க்கும். அப்போது மேல்பகுதி நசுங்கும், அடிப்பகுதி இழுபடும். கான்கிரீட்டுக்கு நசுக்குவதைத் தாங்கும் பலம் உண்டு. இழுவையை அதனால் தாங்க முடியாது. அதனால்தான் பீமில் முக்கியக் கம்பியை அடிப்பக்கம் போடுகிறார்கள். பிளாங்கில் இருக்கும் உடம்பும் முழங்கையும் கால்விரலும் தூண்களாக அமைந்த பீம்தான். மேலே, நசுங்குவதைத் தாங்கும் முதுகெலும்பு. கீழே, இழுவையைத் தாங்கும் கம்பியாக வயிற்றுத் தசை. வயிறு தளர்ந்தால் பீம் தொய்கிறது. இடுப்பு தரையை நோக்கி இறங்குகிறது. பாரம் முழுவதும் முள்ளெலும்புகளின் பின்பக்க மூட்டுகளில் போய் விழுகிறது. பிளாங்க் செய்தால் எனக்கு முதுகு வலிக்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான்.

தோராயமாக ஒரு கணக்குப் போடலாம். 60 கிலோ எடை ஒரே சீராகப் பரவிய பீம் என்று வைத்துக்கொள்வோம். முழங்கைக்கும் கால்விரலுக்கும் இடையே 1.3 மீட்டர். சீரான பாரத்துக்கு நடுப்பகுதியின் வளைவுத் திருப்பம் எடையை நீளத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் கிடைக்கும்: ஏறக்குறைய பத்து கிலோ-மீட்டர். வயிற்றுத் தசை முள்ளெலும்பிலிருந்து சுமார் பத்து சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கம்பியில் ஏறும் இழுவை 100 கிலோவுக்குப் பக்கம். உண்மையான உடம்பில் எடை சீராகப் பரவியிருக்காது, வயிற்றுக்குள் உள்ள அழுத்தமும் ஓரளவு உதவும். இருந்தாலும் அளவு புரிகிறது. இதே கணக்கில் கால்விரலுக்குப் பதில் முழங்காலை ஊன்றினால் நீளமும் குறைகிறது, தாங்க வேண்டிய எடையும் கொஞ்சம் குறைகிறது. சுமை ஏறக்குறைய நாற்பது சதவீதம் இறங்கிவிடும். ஆரம்பிப்பவரை முழங்கால் ஊன்றச் சொல்வது இதனால்தான். மாறாக, முழங்கையைத் தோளுக்கு நேர்கீழே வைக்காமல் முன்னால் தள்ளி வைத்துப் புட்டத்தை இறுக்கினால் அதே பிளாங்க் கொடூரமாக மாறும். 2014இல் ஷோன்ஃபெல்டும் அவருடைய குழுவும் மின்முனை ஒட்டி அளந்து இதை உறுதிப்படுத்தினார்கள். அரை நிமிடத்துக்கு மேல் நிற்க முடிகிறவர்கள் நேரத்தைக் கூட்டுவதைவிட முழங்கையை நாலு விரற்கடை முன்னே தள்ளிப் பார்க்கலாம்.

பீமைப் புரட்டிப் போட்டால் கம்பியின் இடமும் மாற வேண்டும். ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு ஒரு பக்கம் மட்டும் சுவரில் பதிந்து, மறுபக்கம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதில் இழுபடுவது மேல்பக்கம். கம்பியும் மேலேதான் வர வேண்டும். டென்மார்க் மருத்துவர் பியரிங்-சோரன்சன் 1984இல் எழுதிய சோதனை அச்சாக இந்தச் சன்ஷேடுதான். கட்டிலில் குப்புறப் படுக்கவைத்துக் கால்களைக் கட்டி, இடுப்புக்கு மேல்பகுதியை விளிம்புக்கு வெளியே நீட்டச் செய்வார். முதுகுத் தசைகள் மேல்கம்பியாக வேலை செய்து எவ்வளவு நேரம் தாங்குகின்றன என்று பார்ப்பார். அதிக நேரம் தாங்கிய ஆண்களுக்கு அடுத்த ஓராண்டில் புதிதாக முதுகுவலி வருவது குறைவாக இருந்தது. அவர் அளந்தது, எவ்வளவு எடை தூக்குகிறார்கள் என்பதையல்ல, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதை. இந்த வேறுபாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மிச்சமிருப்பது பக்கவாட்டுப் பீம். அதாவது பக்கவாட்டு பிளாங்க். நமது வாளி வேலையை அப்படியே தரையில் படுத்துச் செய்வது அது. யோகாசனம் பழகியவர்கள் இதன் கை நீட்டிய வடிவத்தை வசிஷ்டாசனம் என்று அறிவார்கள்.

1990களில் மெக்கிலின் குழு மெல்லிய கம்பி மின்முனைகளைத் தசைக்குள்ளேயே செலுத்தி, குவாட்ரேட்டஸ் லம்போரம் எப்போது விழித்துக்கொள்கிறது என்று தேடியது. முதுகின் ஆழத்தில் புதைந்திருக்கும் அந்தத் தசையைத் தோலின்மேல் ஒட்டும் மின்முனையால் சரியாக எட்ட முடியாது. பக்கவாட்டு பிளாங்கில் அது தன் உச்ச இயக்கத்தில் ஏறக்குறைய பாதி அளவுக்கு வேலை செய்தது. அதே நேரம் மேல்பக்கத்துத் தசைகள் ஓரளவு ஓய்வாக இருந்தன. இரு பக்கமும் ஒரே சமயத்தில் முழு வேகத்தில் இறுகினால் முதுகெலும்பு நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கும். ஒரு பக்கம் மட்டும் உழைத்தால் அந்த நசுக்கல் குறைவு. தசைக்கு நிறைய வேலை, டிஸ்க்குக்குக் குறைவான தொல்லை. முதுகுவலியிலிருந்து மீள்கிறவர்களுக்காக மெக்கில் தேர்ந்தெடுத்த மூன்றே மூன்று பயிற்சிகளில் இதுவும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

செய்து பார்ப்போம். விரிப்பில் வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். முழங்கை தோளுக்கு நேர்கீழே இருக்கட்டும். முன்கை உடம்புக்குக் குறுக்காக முன்னோக்கி. முதல் வாரங்களில் முழங்கால்களை மடக்கிக்கொள்ளுங்கள். அப்போது முழங்காலே மறுதூண். இடது உள்ளங்கையை வலது தோளின்மேல் வைத்து, அந்தத் தோளைக் காதிலிருந்து விலக்கிக் கீழே இழுத்துப் பிடியுங்கள். இடுப்பைத் தூக்குவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நேராக மேலே ஏற்றப் பார்க்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழும்போது இடுப்பு எப்படி முன்னோக்கி நகருமோ, அப்படி முன்னே தள்ளுங்கள். அது தானாக உயரும். காது, தோள், இடுப்பு, முழங்கால் ஒரே கோட்டில் வந்துவிட்டால் பீம் தயார்.

வயிற்றை உள்ளே எக்க வேண்டாம். இதற்குப் பின்னே ஒரு கதை இருக்கிறது. 1996இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் அழகான ஓர் உண்மையைக் கண்டார்கள். கையை உயர்த்தச் சொன்னால், தோள் தசை இயங்குவதற்கு முன்பே வயிற்றின் குறுக்குத் தசை இறுகிவிடுகிறது. கை அசையப்போவதை நடுவுடல் முன்கூட்டியே அறிந்து தயாராகிறது. முதுகுவலி உள்ளவர்களிடம் இந்த முன்னேற்பாடு தாமதமாக வந்தது. உடனே உலகெங்கும் பயிற்சியாளர்கள் அந்த ஒற்றைத் தசையைப் பிடித்துக்கொண்டு, தொப்புளை முதுகோடு ஒட்டு என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் ஆன்டெனாக் கம்பத்தை நிமிர்த்த ஒரு கம்பி போதாது. வயிற்றை எக்கும்போது கம்பிகள் எல்லாம் கம்பத்தை நெருங்குகின்றன, நெருங்கினால் பிடி குறைகிறது. யாரோ விளையாட்டாக வயிற்றில் குத்த வருகிறார் என்றால் எப்படி இறுக்குவோம்? சுற்றிலும், எக்காமல், உப்பாமல். அதுதான் வேண்டியது. அந்த இறுக்கத்தோடேயே மூச்சு வந்து போக வேண்டும். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். ஏற்கெனவே அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் கர்ப்பிணிகளும் தோளில் அடிபட்டவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகு தொடங்குவதே முறை.

ஏழெட்டு நொடியில் உடம்பு நடுங்கத் தொடங்கலாம். அந்த நடுக்கத்தை நான் விரும்பிக் கவனிப்பேன். பள்ளிக்கூட இயற்பியலின்படி, விசையை இடப்பெயர்ச்சியால் பெருக்கினால் வேலை. இங்கே இடப்பெயர்ச்சி பூஜ்யம், ஆகவே வேலையும் பூஜ்யம். பிறகு ஏன் வியர்க்கிறது? மேசை ஆற்றல் எதுவும் செலவழிக்காமல் பாரம் தாங்கும். தசையால் அப்படி முடியாது. தசை இழைக்குள் மயோசின் எனும் நுண்கொக்கிகள் ஆக்டின் இழையைப் பற்றி, இழுத்து, விட்டு, மறுபடி பற்றுகின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவாகிறது. ஓடும் ஆற்றில் நின்ற இடத்திலேயே நிற்கத் துடுப்புப் போட்டுக்கொண்டிருக்கும் பரிசலைக் கரையிலிருந்து பார்த்தால் அசையாததுபோலத்தான் தெரியும்.

நரம்பு மண்டலம் எல்லாத் தசை இழைகளையும் ஒரே நேரத்தில் வேலைக்கு அழைப்பதில்லை. முதலில் சிறிய, சோர்வடையாத தொகுதிகள். தேவை கூடக் கூடப் பெரியவை. தேர் வடம் பிடிப்பவர்களில் களைத்தவர் விலக, புதியவர் கை வைப்பதுபோல இந்த மாற்றம் ஓசையின்றி நடக்கும். களைப்பு மிகும்போது ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து இழுக்கத் தொடங்குகிறார்கள். தேர் சீராக உருளாமல் குலுங்குகிறது. நாம் காணும் நடுக்கம் அந்தக் குலுக்கல்.

பலமாக இறுகிய தசை தன் ரத்தக் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்ளவும் செய்கிறது, தண்ணீர் பாயும் குழாயை மிதித்ததுபோல. ஆக்சிஜன் வரத்துக் குறையும், கழிவு தேங்கும். இறுக்கத்தை விட்டதும் ரத்தம் பாய்ந்து வருகிறது. ஒரே பிடியில் இரண்டு நிமிடம் நடுங்கிக்கொண்டிருப்பதைவிட, பத்து நொடி பிடித்துச் சற்றே இறக்கி மறுபடி பிடிப்பது நல்லது என்று மெக்கில் வலியுறுத்துவது இதனால்தான். ஒவ்வொரு பக்கமும் ஆறு முறை, ஓய்வுக்குப் பின் நான்கு முறை, பின் இரண்டு முறை. கூட்டிப் பார்த்தால் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் முழுதாகச் சேர்ந்துவிடும். ஒரு நொடிகூடக் குலைந்த வடிவத்தில் கழிந்திராது. தசை கற்றுக்கொள்வது நாம் கொடுக்கும் வடிவத்தைத்தான். தொய்ந்த இடுப்போடு ஒரு நிமிடம் நின்றால் தொய்வதற்கு ஒரு நிமிடம் பயிற்சி கொடுத்திருக்கிறோம்.

முன்பக்க பிளாங்கில் செக் நாட்டின் யோசெஃப் ஷாலெக் 2023இல் 9 மணி 38 நிமிடம் நின்று உலக சாதனை படைத்தார். கனடாவின் டோனாஜீன் வைல்ட் 58 வயதில், 2024இல், நான்கரை மணி நேரம் நின்றார். இவர்களின் மனவுறுதிமேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் நமக்குத் தேவையான அளவு அதுவல்ல. மெக்கிலின் 1999ஆம் ஆண்டு அளவீட்டில், ஆரோக்கியமான இளைஞர்கள் பக்கவாட்டில் தாக்குப்பிடித்தது சராசரியாக ஒன்றரை நிமிடம். இளம்பெண்கள் ஒன்றேகால் நிமிடம். நேரத்தைவிட அவர் கூர்ந்து பார்த்தது வலதுக்கும் இடதுக்கும் உள்ள வித்தியாசத்தை. அது ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பார்.

அசையாமல் இறுக்கும் பயிற்சிகளுக்கு இன்னொரு நன்மையும் இருக்கலாம். 2023இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் 270 ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிட்டார்கள். ஓட்டம், பளு தூக்குதல் எல்லாவற்றையும்விட இத்தகைய நிலைப்பயிற்சிகளே ஓய்வுநேர ரத்த அழுத்தத்தை அதிகம், மேல் எண்ணில் சுமார் எட்டுப் புள்ளி, இறக்கின. ஆனால் அவற்றில் இடம்பெற்றவை பெரும்பாலும் கைப்பிடியை இறுக்குவதும் சுவரில் சாய்ந்து அந்தரத்தில் உட்கார்வதும். பிளாங்குக்கு அதை அப்படியே பொருத்தக் கூடாது. வசிஷ்டாசனம் முதுகெலும்பின் பக்கவாட்டுக் கோணலைக் குறைக்கிறது என்று 2014இல் நியூயார்க் மருத்துவர் லோரன் ஃபிஷ்மன் 25 நோயாளிகளை வைத்து எழுதினார். புடைத்த பக்கம் கீழே வரும்படி, அந்தப் பக்கம் மட்டும், தினமும் செய்யச் சொன்னார். ஆர்வமூட்டும் முடிவுதான். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாததால் இப்போதைக்கு அதை நம்பிக்கையூட்டும் தொடக்கம் என்ற அளவில் வைத்துக்கொள்கிறேன்.

முழங்காலிலிருந்து பாதத்துக்கு மாறும்போது மேல்காலை முன்னும் கீழ்க்காலைப் பின்னும் வைத்து இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றுங்கள். அதுவும் கைவந்த பிறகு, வலப்பக்கத்திலிருந்து முன்பக்க பிளாங்குக்கும் அங்கிருந்து இடப்பக்கத்துக்கும் மெல்ல உருளலாம். விலாக்கூடும் இடுப்பும் ஒரே மரக்கட்டைபோல ஒன்றாகத் திரும்ப வேண்டும். தோள் முதலில் திரும்பி இடுப்பு பின்னால் வந்தால் நடுவில் முதுகெலும்பு முறுக்கப்படுகிறது. அடிக்கம்பி வலது விலாவிலிருந்து வயிற்றுக்கும், வயிற்றிலிருந்து இடது விலாவுக்கும் கைமாறுவதை அந்தச் சில நொடிகளில் நீங்களே உணரலாம்.

2009இல் மெக்கிலின் குழு, பெரும்பாரத்தைத் தோளில் ஏற்றி நடக்கும் பலசாலிப் போட்டியாளர்களை அளந்தது. ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் இடுப்பெலும்பின் மறுபக்கம் கீழே சரியாமல் தூக்கிப் பிடிக்க எவ்வளவு விசை வேண்டும் என்று கணக்கிட்டார்கள். ஒரு போட்டியாளரின் இடுப்புத் தசைகளை ஆய்வகத்தில் தனியாக அளந்தபோது அந்த அளவு பலம் அவற்றில் இல்லை. ஆனாலும் அவர் நடந்துகொண்டிருந்தார். பற்றாக்குறையை ஈடுகட்டியது காலைத் தூக்கிய பக்கத்து விலாவோரம், குவாட்ரேட்டஸ் லம்போரமும் சாய்வுத் தசைகளும். படி ஏறும்போதும் பேருந்தில் கால் வைக்கும்போதும் நம் உடம்பில் சிறிய அளவில் நடப்பதும் இதுவே.

இனி வாளியை இடக்கைக்கு மாற்றுங்கள். பாரம் தூக்கும் கை நம்மில் பெரும்பாலோருக்கு எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது. அதனால் எதிர்ப்பக்க விலாவோரமே வருடக்கணக்காக வேலை பழகியிருக்கும். இந்த முறை வலக்கை விரல்களால் வலது விலாவின் கீழே அழுத்திப் பாருங்கள். பிறகு விரிப்பில் படுத்து இரண்டு பக்கமும் எத்தனை நொடி தாங்குகிறது என்று எண்ணி, நாட்காட்டியில் இன்றைய தேதிக்கு அருகே இரண்டு எண்களையும் எழுதி வையுங்கள். குறைவாக வந்த பக்கத்திலிருந்து நாளைக்குத் தொடங்கலாம்.